கரகரப்பும் கிராஸ் டாக்கும்: எக்ஸ்சேஞ்ச் ஹாலிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் வேலை ஒன்றுதான். ஒரு வீட்டிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிகளை, இன்னொரு வீட்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளோடு, நடுவில் ஆள் இல்லாமல் சேர்த்துவிட வேண்டும். பேசி முடித்ததும் பிரித்துவிட வேண்டும்.

சேர்க்கிற ஒவ்வொரு இடத்திலும் உலோகம் உலோகத்தைத் தொட்டாக வேண்டும். தொடுகிற இடம் சரியில்லை என்றால் கரகரப்பு. தொடக் கூடாத கம்பி ரொம்ப நெருங்கி ஓடினால் கிராஸ் டாக், அதாவது இன்னொருவர் பேச்சு நம் காதில் விழுவது. "லைன்ல ஒரே இரைச்சலா இருக்கு, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று ஒரு தலைமுறையே கத்திப் பேசிப் பழகியதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

முதலில் அளவு புரிய வேண்டும். பேச்சின் மின்சாரம் ரொம்ப மெலிசு. ரிசீவருக்கு வந்து சேரும்போது ஒரு வோல்ட்டில் சிறு பங்குதான் மிஞ்சும். அதே ஹாலில் 50 வோல்ட் பேட்டரியில் ஆயிரக்கணக்கான ரிலேக்கள் இழுபட்டும் விடுபட்டும் கொண்டிருக்கும். ரிலேயின் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் அந்தச் சுருள் சும்மா இருக்காது. நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு ஒரு துடிப்பை எழுப்பும். தொடுமுனையில் பொறி பறக்கும். பக்கத்துக் கம்பியில் பேசிக்கொண்டிருப்பவர் காதில் அது 'டிக்' என்று விழும். அடிக்கடி துண்டிக்கும் தொடுமுனைகளுக்குக் குறுக்கே ஒரு கபாசிட்டரையும் ஒரு ரெசிஸ்டரையும் வைப்பது இந்தப் பொறியை அடக்கத்தான்.  அப்படிச் செய்தும் இரைச்சல் முழுக்கப் போகவில்லை.

இந்த வகை இயந்திரத்தின் மூலவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இருந்தவர். 1891-இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட்டில் முதல் எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில், 1913-14-இல். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (சுருக்கமாக ஐ.டி.ஐ.) இந்த ஸ்ட்ரோஜர் கருவிகளைத்தான் பல பத்தாண்டுகள் செய்து நாடெங்கும் அனுப்பியது.

ஸ்ட்ரோஜர் செலக்டர் என்பது ஒரு தண்டு. அதன் நுனியில் துடைப்பான்கள். எதிரே அரைவட்டமாக 10 தட்டுகள், தட்டுக்கு 10 தொடுமுனைகள். டயலில் 7 சுழற்றினால் 7 துடிப்புகள் வரும், தண்டு ஏழு தட்டு ஏறும். பிறகு தானே பக்கவாட்டில் சுழன்று காலியான ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த எண்ணுக்கு அடுத்த செலக்டர். ஒரு கால் போய்ச் சேர இப்படி நாலைந்து இயந்திரங்கள் வரிசையாக ஏறிச் சுழல வேண்டும். பேசி முடிக்கும் வரை அத்தனை துடைப்பான்களும் வெறும் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

பிரச்சினை அங்கேதான்.

ஒரே ரேக்கில் பல செலக்டர்கள் தொங்கும். பக்கத்து செலக்டர் ஏறும்போது ரேக்கே அதிரும். அசையாமல் நிற்க வேண்டிய துடைப்பானும் நூலிழை அளவுக்கு அசையும். தொடும் இடத்தின் மின்தடை ஏறி இறங்கும். அந்த வழியே பேட்டரியின் மின்சாரமும் ஓடிக்கொண்டிருப்பதால், தடை மாறும்போதெல்லாம் மின்சாரமும் மாறும். பழைய கார்பன் மைக் வேலை செய்வதே இப்படித்தான்: குரல் பட்டால் கார்பன் துகள்களின் தடை மாறும், மின்சாரம் மாறும், பேச்சு போகும். அதாவது தளர்ந்த தொடுமுனை ஒவ்வொன்றும் ரேக்கின் அதிர்வைக் கேட்டுச் சொல்லும் மைக்காக ஆகிவிடுகிறது. காலை பத்து, பதினொரு மணிக்குக் கால்கள் குவியும் நேரத்தில் கரகரப்பும் கூடியது இதனால்தான். ஒருவரின் லைனில் இரைச்சலைக் கிளப்பியது ஊரில் மற்றவர்களின் டயல்.

அப்படியானால் பேட்டரி மின்சாரத்தை அந்த வழியே விடாமல் இருந்தால் என்ன? அதிலும் சிக்கல். உலோகத்தின் மேல் காற்று பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் படியும். பேச்சின் மெலிசான மின்சாரத்துக்கு அதை உடைத்துக்கொண்டு போகத் தெம்பு இல்லை. நேர்மின்சாரம் கூட ஓடினால் படலம் உடைந்து வழி கிடைக்கும். அதனால் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே கபாசிட்டர் தாண்டிப் போகும் பாதைகளில், வேண்டுமென்றே சிறிய நேர்மின்சாரத்தை விடும் வழக்கம் வந்தது. ஓடவிட்டால் அதிர்வு கேட்கும்; விடாவிட்டால் பேச்சே மங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடித்துத்தான் அந்தக் கால இன்ஜினியர்கள் காலம் தள்ளினார்கள்.

மிச்சமெல்லாம் தூசிக்கு எதிரான போராட்டம். ஆடிக் காற்றில் ஆற்று மணல் பறக்கும் திருச்சி மாதிரி ஊரில் இது சின்ன விஷயமில்லை. எக்ஸ்சேஞ்ச் ஹாலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது நாடு முழுக்க இருந்த நடைமுறை. சன்னல்கள் மூடியே கிடக்கும், தரை பளபளக்கும். மெக்கானிக்குகள் முறை வைத்துத் தொடுமுனைகளைத் துடைப்பார்கள், ஸ்பிரிங் அழுத்தத்தைச் சரிபார்ப்பார்கள். ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சின் தரம் என்பது அதன் வரைபடத்தில் இல்லை, அந்தக் கைகளில்தான் இருந்தது. ஒரே ஆலையில் செய்த ஒரே இயந்திரம் ஓர் ஊரில் தெளிவாகவும் அடுத்த ஊரில் கரகரவென்றும் பேசியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்சேஞ்சின் எல்லாக் கால்களுக்கும் ஒரே பேட்டரி. மின்வாரியத்தின் ஏ.சி.யைத் திருத்தி அதைச் சார்ஜ் செய்யும்போது கொஞ்சம் அலை மிஞ்சும். அது எல்லா லைனிலும் ஒரே நேரத்தில் 'ம்ம்ம்' என்று கேட்கும். இதை அளக்க சாஃபோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. காது எந்த ஒலிக்கு எவ்வளவு எரிச்சல் படுமோ அந்த விகிதத்தில் எடை போட்டு அளக்கும். 800 முதல் 1000 ஹெர்ட்ஸுக்கு முழு எடை. 50 ஹெர்ட்ஸுக்கு 63 டெசிபல் தள்ளுபடி. அப்படி அளந்தால் பேட்டரி இரைச்சல் 2 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே தொல்லை தருவது 50 ஹெர்ட்ஸ் இல்லை, அதன் மடங்குகளாக மேலே எழும் 300, 600, 900 ஹெர்ட்ஸ் அலைகள்தான். இது கொஞ்சம் பின்னால் ரயில் வரும்போது மறுபடி தேவைப்படும்.

(பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் எர்த்தில் சேர்ப்பார்கள். கம்பி நெகட்டிவாக இருந்தால், ஈரத்தில் மின்சாரம் கசியும்போது செம்பு அரித்துப் போகாது. ஈரமான ஊருக்கு நல்ல ஏற்பாடு.)

இரைச்சல் காதுக்கு மட்டும் எதிரி இல்லை, நம்பருக்கும் எதிரி. டயல் விநாடிக்கு 10 துடிப்பு அனுப்பும். ஒரு துடிப்புக்கு 100 மில்லிவிநாடி. அதில் சுமார் 67 மில்லிவிநாடி லைன் துண்டிக்கப்படும், 33 சேர்ந்திருக்கும். துண்டிக்கும் நேரத்தில் மின்சாரம் பூஜ்யமாக வேண்டும், எக்ஸ்சேஞ்ச் ரிலே விடுபட வேண்டும். மழையில் கேபிள் நனைந்து இரண்டு கம்பிக்கும் நடுவே கசிவு இருந்தால், துண்டித்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். ரிலே தாமதமாக விடுபடும், சில துடிப்பில் விடுபடவே செய்யாது. 7 அனுப்பினால் 6 போய்ச் சேரும். மழைக்காலத்து ராங் நம்பர்களில் பலவற்றுக்கு டயல் செய்தவர் பொறுப்பே இல்லை. ஒரே லைனில் இரண்டு போன் வைத்த வீடுகளில், கீழே டயல் செய்தால் மாடியில் மணி 'ணிங் ணிங்' என்று முனகியதும் இதே துடிப்புகளின் வேலை.

அடுத்து கிராஸ்பார். பெங்களூர் ஐ.டி.ஐ. 1964-இல் பெல்ஜியத்தின் பெல் டெலிபோன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு பென்டாகான்டா என்ற வகையைக் கொண்டுவந்தது. இதில் துடைப்பான் கிடையாது. மேலிருந்து கீழாக ஒரு சட்டம், குறுக்கே ஒரு சட்டம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தொடுமுனைகள் அழுந்தி நிற்கும். உரசல் இல்லை, அதிர்வு குறைவு, காதுக்குத் தெளிவு. ஆனால் எண்ணை வாங்கி வழி தேடும் மூளைப் பகுதி எல்லா லைனுக்கும் பொது. ஐரோப்பாவில் ஒரு போனில் ஒரு குடும்பம் பேசும். இங்கே ஒரு போனில் கடைத்தெருவே பேசும். டயல் டோன் வர ஒரு நொடி பிந்தினால் வைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள், பொது மூளை இன்னும் நெரிசலாகும். லைனுக்கு இவ்வளவு கால் என்று போட்ட கணக்கு இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. கம்பிகளுக்குள் நடந்த குறுக்கீடு போய், கால்களுக்குள் குறுக்கீடு வந்தது.

எக்ஸ்சேஞ்ச் ஹாலுக்குள் இருந்த சண்டையை முடித்து வைத்தது டிஜிட்டல். உத்தரப் பிரதேசத்தின் மன்காபூரில் ஐ.டி.ஐ. ஆலையில் செய்த பிரெஞ்சு இ-10பி எக்ஸ்சேஞ்ச் ஒரு பக்கம். 1984 ஆகஸ்டில் தொடங்கிய, அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் இன்னொரு பக்கம். சி-டாட்டின் 128 முனை கிராமிய எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் வேலைக்கு வந்தது. ஏ.சி. இல்லாத அறையில், வெயிலிலும் தூசியிலும் ஓட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டு செய்த இயந்திரம் அது. தமிழ்நாட்டின் சிறு ஊர்கள் வரை நேரடி டயலிங் போய்ச் சேர்ந்ததில் அதன் பங்கு பெரிது. அந்த நிபந்தனையை வைத்தவர்களுக்கு இந்த நாட்டின் வெயிலும் புழுதியும் தெரிந்திருந்தன, அது பாராட்டத்தக்கது.

டிஜிட்டலில் குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக மாற்றுவார்கள். அதற்குப் பிறகு போவது எண்கள் மட்டும். எண்ணை இன்னொரு இடத்துக்கு மாற்றுவதில் துடைப்பானும் இல்லை, படலமும் இல்லை. ஸ்விட்சுக்குள் கிராஸ் டாக் ஒழிந்தது. புதிய வம்பு ஒன்று மட்டும் வந்தது. இரண்டு எக்ஸ்சேஞ்சின் கடிகாரங்கள் துளி முன்பின்னாக ஓடினால், அவ்வப்போது ஒரு அளவு தொலையும் அல்லது இரண்டு தடவை வரும். பேச்சில் அது பெரும்பாலும் தெரியாது. ஃபேக்ஸில் அடித்த பக்கம் நடுவில் கோடு விழுந்து கெட்டுப்போகும்.

சரி, எக்ஸ்சேஞ்ச் சுத்தமாகிவிட்டது. அப்புறமும் ஏன் லைன் கரகரத்தது?

ஏனென்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை அதே பழைய செம்புதான். வெளி கேபிள்கள் எக்ஸ்சேஞ்சோடு சேரும் எம்.டி.எஃப். என்கிற பெரிய சட்டத்திலிருந்து கிளம்பி, தெருமுனைப் பில்லர், வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டி.பி. பாக்ஸ், வீட்டுக்குள் வரும் டிராப் ஒயர் என்று போகிற வழியில் எத்தனையோ ஜாயின்ட். திருச்சியை ஒட்டிய ஸ்ரீரங்கம் இதற்குக் கடினமான ஊர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு, தோண்டினால் தண்ணீர். திருவானைக்காவலில் ஜம்புகேஸ்வரர் சன்னதியில் ஊற்று எந்நேரமும் கசிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மண்ணின் ஈரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அந்த மண்ணுக்குள்தான் கேபிள் ஜாயின்ட். பழைய கேபிள்களில் கம்பிக்கு மேல் காகிதம், அதற்கு மேல் ஈய உறை. உறையில் ஊசித் துளை விழுந்தாலும் காகிதம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் வந்த ஜெல்லி கேபிளில் இடைவெளி முழுக்கப் பசை நிரப்பியிருப்பதால் தண்ணீர் உள்ளே நகராது. ஜாயின்ட் மட்டும் அப்போதும் பலவீனம்தான்.

தீவுக்குள் வரும் கேபிள் பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். பாலத்தில் லாரியும் பஸ்ஸும் போகப் போக விடாத அதிர்வு. ஈயம் அதிர்வைத் தாங்காது, வருடக்கணக்கில் மயிரிழை வெடிப்பு விடும். பாலத்து கேபிள்களுக்கு ஈயத்தோடு ஆன்டிமனி கலந்தது அதற்காகவே. வீதிக்குள் வந்தால் தேர். சித்திரை வீதியில் தேர் ஓடும்போது குறுக்கே ஒயர் தொங்க முடியாது. கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு முறுக்கு தளர வாய்ப்பு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு லைனின் இரண்டு கம்பிகளும் எல்லாவிதத்திலும் சமமாக இருக்கும் வரை, வெளியிலிருந்து வரும் எந்தக் குறுக்கீடும் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும், காதுக்கு வராது. கம்பிகளை முறுக்கி வைப்பதே அதற்காகத்தான். ஒரு கம்பியில் மட்டும் ஜாயின்ட் துருவேறினால் சமநிலை போய்விடும். உடனே அத்தனை நாள் வெளியே காத்திருந்த இரைச்சல் எல்லாம் உள்ளே வரும்.

இதைவிட மோசமானது ஸ்ப்ளிட் பேர். மண்ணுக்குள் குழியில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகளை நிறம் பார்த்துச் சேர்க்கிறார் ஒரு ஜாயின்டர். வெள்ளை-நீலத்தின் வெள்ளையும் வெள்ளை-ஆரஞ்சின் வெள்ளையும் இடம் மாறிவிட்டால்? மறுமுனையிலும் யாராவது அதற்கேற்ப மாற்றிக் கட்டிவிட்டால், இரண்டு போனும் வேலை செய்யும். டயல் டோன் வரும், மணி அடிக்கும், மீட்டர் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் ஒரு லைனின் இரண்டு கம்பிகளும் இப்போது ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவை இல்லை, பக்கத்து வீட்டுக் கம்பியோடு முறுக்கப்பட்டவை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். கரகரப்பை மன்னித்துவிடலாம். அந்நியர் குடும்பப் பேச்சு காதில் விழுவதையும், தன் பேச்சு யார் காதிலோ விழுமோ என்று பயப்படுவதையும் மன்னிக்க முடியாது. கிராஸ் டாக்குக்கு எப்போதும் இரைச்சலைவிடக் கடுமையான வரம்பு வைத்திருப்பது சரியான முடிவு.

இனி ரயில். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் விழுப்புரம்-திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. மின்மயமான பிறகு தீவின் குறுக்கே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. ஒரே ஃபேஸ், திரும்பும் மின்சாரம் தண்டவாளத்திலும் மண்ணிலும் போகும். பக்கத்தில் இணையாக ஓடும் கேபிளில் அது வோல்ட்டேஜைத் தூண்டும். எஞ்சினின் மின்கருவிகள் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளையும் சேர்த்து எழுப்பும். சாஃபோமீட்டர் சொன்ன அந்தத் தொல்லை இதுதான். மின்கம்பியும் டெலிபோன் கம்பியும் இணையாக ஓடும் இடங்களை ஆராய்ந்து அனுமதி தர பி.டி.சி.சி. என்றொரு கூட்டுக் குழு இந்தியாவில் உண்டு. மின்கம்பியில் கோளாறு வரும் கணத்தில் டெலிபோன் லைனில் தூண்டப்படும் வோல்ட்டேஜ் பொதுவாக 430-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அது லைன்மேனின் உயிருக்கான வரம்பு.

அப்புறம் வானொலி. திருச்சி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். இவ்வளவு பலமான அலை போகிற வட்டாரத்தில் நீளமான டெலிபோன் ஒயர் நல்ல ஏரியல். அலை ஏறினால் மட்டும் காதுக்குக் கேட்காது. ஆனால் துருப்பிடித்த ஜாயின்ட் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் விடும் டயோடு மாதிரி நடந்துகொள்ளும். பழைய கிரிஸ்டல் ரேடியோ செய்த வேலையை அது செய்துவிடும், போனில் பாட்டுக் கேட்கும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியதும் இந்த வானொலிக் குறுக்கீடு வேறு கதையானது. அந்த பிராட்பேண்டின் ஏ.டி.எஸ்.எல். மோடம் 138 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையான இடத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தகவல் இறக்கும். 936-ஐ 4.3125-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 217. அதாவது திருச்சி வானொலி 217-ஆவது துண்டின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. மோடம் இணையும்போது ஒவ்வொரு துண்டின் இரைச்சலையும் அளக்கும். இரைச்சல் மிகுந்த துண்டில் குறைவாக ஏற்றும் அல்லது விட்டுவிடும், மற்றவற்றில் ஈடுகட்டும். குறுக்கீட்டை ஒழிக்க முயலாமல் அதற்கு இடம் விட்டு ஒதுங்கிப் போகிற இந்த யோசனை, நூறு வருட லைன் இன்ஜினியரிங்கில் மிக அழகானது.

கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் கடைசி வரை மாறவில்லை. 198 என்ற புகார் எண்ணில் புகார் வந்ததும் முதல் கேள்வி: உள்ளேயா, வெளியேயா? எம்.டி.எஃப்.பில் வெளிப்பக்கத்தைக் கழற்றிவிட்டு எக்ஸ்சேஞ்ச் பக்கத்தைக் கேட்பார்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு தெருவில். பிறகு கம்பிக்கும் கம்பிக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இன்சுலேஷன் சோதனை. இரண்டு கம்பியின் எர்த் அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் சமநிலை போய்விட்டது என்று அர்த்தம். பில்லரில் ஒரு தடவை, டி.பி. பாக்ஸில் ஒரு தடவை என்று பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தால் குற்றவாளி ஜாயின்ட் அகப்படும். ஸ்ப்ளிட் பேர் மட்டும் இந்த வலையில் விழாது. அதற்குக் காதும் அனுபவமும் வேண்டும்.

ஃபைபர் வீடு வரை வந்த பிறகு தெருவில் செம்பு இல்லை. கண்ணாடி இழைக்கு ரயிலும் வானொலியும் ஒன்றும் செய்ய முடியாது, தண்ணீரால் கரகரப்பும் வராது. சாதாரணப் போன் வைத்துக்கொள்பவர்களுக்குச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து போன் வரை சில அடி ஒயர் மட்டும் பழைய முறையில் மிஞ்சியிருக்கிறது. அதிலும் இரைச்சல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் பவர் அடாப்டரை, அடுத்து ஒயரின் இரண்டு முனைகளிலும் உள்ள கிளிப்பை.